ஹினோகிதானியில் ரயில் கைமாறும் நேரம்

மினெகிஷி தினமும் கடலுக்குப் போகும் ரயிலை ஓட்டுகிறார். அந்தக் கடற்கரையை ஒருநாளும் பார்த்ததில்லை. அவருடைய சுரங்க ரயில் கம்பெனியின் எல்லை ஹினோகிதானி நிலையத்தோடு முடிகிறது. பாதி நடைமேடை இருட்டில், மீதி வெயிலில். அங்கே அவர் இறங்கிக்கொள்வார். தரைமேல் ரயில் விடும் கம்பெனியின் பெண் ஓட்டுநர் ஒரிஹாரா ஏறுவார். கம்பெனி மாறுவது தெரியாமல் பயணிகள் அதே தூக்கத்தைத் தொடர்வார்கள்.

"கோளாறு ஒண்ணுமில்லைங்க" என்பார் இவர்.

"சரிங்க" என்பார் அவர்.

ஆறு வருடமாக இவ்வளவுதான்.

"புருஷன் பொண்டாட்டிகூட இதைவிட ரெண்டு வார்த்தை கூடப் பேசிக்குவாங்கய்யா" என்றார் ஓய்வறையில் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்த சக ஓட்டுநர் கஜிதானி.

"ரயில் நேரத்துக்குக் கிளம்பணும்ல."

"அது கிளம்பிடும். அந்தம்மாவும் நாளையிலேர்ந்து வேற லைனுக்குக் கிளம்பிடுவாங்க. தெரியுமில்ல?"

தெரியாது.

அன்று சுரங்கம் முழுக்க ஒரே வாக்கியத்தை ஒத்திகை பார்த்தார்: ஒருநாள் நானும் கடல்வரைக்கும் வரலாமா? இடையிடையே விரல் நீட்டி, "சிக்னல் பச்சை, சரி", "வேகம் சரி" என்று உரக்கச் சொன்னார். விரல் காட்டியதை வாய் சொல்லியாக வேண்டும் என்பது தொழில் விதி. கவனம் சிதறாமலிருக்க ஏற்பட்ட விதி. நாளடைவில் யோசனையே தேவையில்லாமல் போய்விடும்.

இருட்டு மெல்லக் கரைந்து, பாலில் நனைத்தது போன்ற வெளிச்சத்துக்குள் ரயில் மிதந்து வந்து நின்றது. நடைமேடையில் ஒரிஹாரா. கூந்தலைக் கழுத்தளவுக்குக் கத்தரித்திருந்தார். மினெகிஷி இறங்கினார். வாக்கியம் சுரங்கத்திலேயே தங்கிவிட்டது. வெள்ளைக் கையுறை தானாக உயர்ந்தது.

"முடி வெட்டு, சரி!"

முதல் பெட்டியில் ஒருவர் விழித்துக்கொண்டார்.

ஒரிஹாரா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் கையுறை விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, அதே தொனியில், "முகம் சிவப்பு, சரி" என்றார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? ஆனாலும் ரயிலை ஒப்படைத்தாக வேண்டுமே.

"ரயில்ல... கோளாறு ஒண்ணுமில்லைங்க."

'ரயில்ல' என்று அவர் சொன்னது இதுவே முதல்முறை. அப்படியானால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது; ஒரிஹாராவும் அதைக் கவனித்தார்.

"புரிஞ்சுதுங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. கடல்வரைக்கும் போறேன், பயணியா. இந்த ரயில், முதல் பெட்டி. உங்களுக்கு வண்டி ஓட்டாம சும்மா உக்காரத் தெரியுமா?"

"கத்துக்கறேங்க."

ரயில் சில விநாடி பிந்திக் கிளம்பியது. தாமதத்துக்காக நிலையத்தின் ஒலிபெருக்கி பயணிகளிடம் மனமார வருத்தம் தெரிவித்தது. பயணிகள் தூங்கிக்கொண்டே மன்னித்தார்கள். வெயிலில் நின்ற மினெகிஷிக்கு மட்டும் எவ்வளவு முயன்றும் வருத்தம் வரவில்லை.