எது முதலில் வெளியே வரும்

சுஜிதாவின் குடும்பம் தூத்துக்குடிக் கரையிலிருந்து கடல் தாண்டி, தீவில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கு வந்தது. அப்பாவுக்கு மீன்பிடிப் படகு, சுஜிதாவுக்குக் கம்ப்யூட்டர். டிப்ளமோ முடித்ததும் தீவுகளுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு சின்ன ஏஜென்சியில் சேர்ந்தாள். இன்றைக்கும் அங்கேதான் வேலை.

அந்த முதல் வருடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவள் குரலே மாறிவிடும். நெட் என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். ஜாவா பாடமெல்லாம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் சிடிக்களில் இருந்தது. கூடப் படித்த கௌதமும் அதே ஏஜென்சியில்தான் சேர்ந்திருந்தான்; எதிர்க்கரை டெலானிபூர்க்காரன், அரசு ஊழியர் வீட்டுப் பையன். சரக்கு இறக்கும் வரிசையைச் சொல்லும் புரோகிராமை ஏஜென்சி முதலாளி இருவரிடமும் ஒப்படைத்தார்.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். சரக்குகளைப் போட்டு வைக்கும் ‘அடுக்கு’ என்ற வகுப்பை, அதாவது புரோகிராமின் அந்தத் துண்டை, கௌதம் எழுதுவான். திரை, பிரிண்ட் எல்லாம் சுஜிதா. இருவருக்கும் நடுவில் இரண்டே கட்டளைகள்: வை, எடு.

“உள்ள நான் எப்படி வெச்சிருக்கேன்னு நீ பார்க்கவே கூடாது,” என்றான் கௌதம்.

“எனக்கெதுக்கு அது? எடுன்னா சரக்கு வரணும், அவ்வளவுதான்,” என்றாள் அவள்.

தினமும் காலையில் அவள் வரும் படகு எதிர்க்கரை சாத்தாம் ஜெட்டியை அணைந்ததும், இரவு வீட்டில் எழுதியதைப் பதிந்த பிளாப்பி கைமாறும். உப்புக்காற்றில் பாதி பிளாப்பி படிக்காது. மறுநாள் மறுபடி. அந்த எரிச்சல்கூட இப்போது அவளுக்கு இனிக்கிறது.

முதல் கப்பல் புறப்பட்டது. கடைசித் துறையான கேம்பல் பேக்குப் போகும் சிமெண்ட் அடியில், முதல் துறையான ஹட்பேக்குப் போகும் வெங்காயம் மேலே. ஹட்பேயிலிருந்து போன் வந்தது. சரக்கைப் பார்த்துக்கொள்ளும் கப்பல் மேட் கத்தினார்: “யே க்யா லிஸ்ட் ஹை? என்ன லிஸ்ட் இது? மேல இருக்கிற வெங்காயத்தை மழையில தள்ளிட்டு சிமெண்ட்டை இழுக்கச் சொல்லுது!”

முதலில் வைத்ததையே கௌதமின் வகுப்பு முதலில் கொடுத்தது. கடைசியில் வைத்தது முதலில் வரும் என்று நம்பி சுஜிதா எழுதியிருந்தாள்.

“க்யூன்னுதானே யாரும் நினைப்பாங்க?” என்றான் அவன்.

“அடுக்குன்னு பேரு வெச்சிட்டு க்யூவா? மேல இருக்கிறத விட்டுட்டு அடியில இருக்கிறத உருவுவியா?”

இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. பிளாப்பி மட்டும் போய் வந்தது. மூன்றாம் நாள் அவளாகவே சொன்னாள்: “கட்டளைக்குப் பேரு வெச்சோம். எது முதல்ல வெளிய வரணும்னு ரெண்டு பேருமே பேசிக்கல. அதுதான் தப்பு.”

நிரலின் தலையிலேயே எழுதினார்கள்: கடைசியாக வைத்ததே முதலில் வரும், காலியாக இருந்தால் காலி என்று சொல்லும். கௌதம் தன் வகுப்பின் உட்புறத்தை முழுக்க மாற்றினான். சுஜிதா தன் பக்கத்தில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. அடுத்த கப்பலிலிருந்து போன் வரவில்லை. வராத அந்த போனைக் கொண்டாட இருவரும் சமோசா வாங்கித் தின்றார்கள்.

பிறகு கௌதம் பெங்களூருக்குப் போய்விட்டான். அவள் கிளமெண்ட்டைக் கட்டிக்கொண்டு பாம்பூஃப்ளாட்டிலேயே இருந்தாள். கடலடிக் கேபிள் வந்தது, நெட் வேகம் பிடித்தது, தீவே வேறாகிவிட்டது. அடுக்கின் உட்புறத்தை அவளே இரண்டு முறை மாற்றினாள். கடைசி முறை, சொந்தமாக எழுதியதைத் தூக்கிவிட்டு ஜாவாவிலேயே தயாராகக் கிடைக்கும் கலெக்‌ஷன் வகுப்பைப் பொருத்தினாள்.

போன ஜனவரியில் கௌதம் வந்திருந்தான், தலை பாதி நரைத்து. பாம்பூஃப்ளாட் படகில் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனாள்.

“நான் எழுதின கோடு இன்னும் ஓடுதா?”

“உன் வரி ஒண்ணுகூட இல்லப்பா.”

அவன் முகம் வாடியதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. “வை, எடு இருக்கு. நாம சண்டை போட்டு எழுதின அந்த ரெண்டு வரி இருக்கு. புதுசா வர்ற பசங்களை அதைத் தொட விடமாட்டேன்.”

“பேசாம இருந்த அந்த ரெண்டு நாள் ஒரு போன்கூட பண்ணலையே நீ,” என்றான் கௌதம்.

“நீ பண்ணியிருக்கலாமே!” என்றாள் சுஜிதா. கரையில் கிளமெண்ட் குடையோடு நின்று கையாட்டிக்கொண்டிருந்தான்.