வலித்தால் இடது கையைத் தூக்கவும்

சமையலறை ஈரத்தில் வழுக்கி, குழாய் முனையில் நஸீரா வாயை இடித்துக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. மேல்வரிசை முன்பல் ஒன்று பாதி உடைந்து ஆட்டம் கண்டுவிட்டது. உதட்டு வீக்கத்தைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. வளைகுடா நகரமான மனாமாவின் குதைபியா பகுதியில், அவள் குடியிருந்த தெருவிலிருந்து பதினோரு தமிழ்ப் பிள்ளைகள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அவளிடம் குர்ஆன் ஓத வருவார்கள். நாக்கு நுனி அந்தப் பல்லைத் தொட்டால்தான் சில எழுத்துகள் சரியாக வரும். அவள் பிசகினால் பதினோரு பேரும் அப்படியே பிடித்துக்கொள்வார்கள்.

“போனாப் போகுது, தங்கத்துல ஒண்ணு கட்டிக்கலாம்,” என்றார் கணவர் செய்கு அலாவுதீன். அவருக்கு மனாமா கடைத்தெருவில் துணிக்கடை.

“கிழிசலை உள்ள மடிச்சு வைக்க இது ஒங்க கடைத் துணி இல்ல.”

மாடிவீட்டு ஷியாமளா, துறைமுக வேலைக்கு வந்த ஜப்பான்காரர்களுக்கான பல் கிளினிக்கில் நர்ஸ். வியாழக்கிழமை மதியம் வெளியாட்களையும் பார்ப்பார்கள். அவளே நஸீராவைக் கூட்டிப்போனாள்.

டாக்டர் இஷிமுராவுக்கு அறுபது வயதிருக்கும். நஸீரா உள்ளே நுழைந்ததும் எழுந்து, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். தகப்பன் வயதுக்காரர் தன் முன்னால் குனிந்ததில் அவள் கூசிப்போனாள். அவர் ஆங்கிலத்தில் ஏதோ மெல்லச் சொன்னார்.

“வலிச்சா இடது கையைத் தூக்கணுமாம்கா. உடனே நிறுத்திடுவார். வலது பக்கம் ஊசி, மிஷின் எல்லாம் இருக்கு, அந்தக் கையை அசைக்கக் கூடாது. அவங்க ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தான்,” என்றாள் ஷியாமளா.

டாக்டர் ஐஸ் துண்டு ஒன்றைப் பல்லில் வைத்தார். மண்டை வரைக்கும் சுரீரென்று ஏறியது. நஸீரா முக்காட்டுக்குள் இடது கையை இறுக்கிக்கொண்டாள். அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி வைத்தார். மூன்றாவது முறையும் வைத்தார். கண்ணோரம் நீர் கோத்தது. கை மட்டும் எழவில்லை.

டாக்டர் பெருமூச்சு விட்டார்.

“பல்லுல உயிர் இல்லையாம்கா. இருந்தா பூசி நிறுத்திடலாம். செத்த பல்லுக்கு ஏழெட்டுத் தடவை வைத்தியம் பண்ணணும், அவர் அடுத்த வாரமே ஊருக்குப் போறார். எடுத்துடறதுதான் நல்லதுங்கறார்.”

தட்டில் குறடு வைக்கும் சத்தம் கேட்டது. நஸீரா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“உயிர் இருக்கு. மூணு தடவையும் சுரீர்னுச்சு.”

“அப்புறம் ஏன் கையைத் தூக்கலை?”

“பீச்சாங்கையை எப்படிம்மா பெரியவர் மூஞ்சிக்கு நேரா நீட்டுறது? அவர் அப்படிக் குனிஞ்சு கும்பிட்டிருக்காரு.”

ஷியாமளாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் விளக்கினாள். டாக்டர் சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, சக்கர ஸ்டூலை உருட்டிக்கொண்டு நாற்காலியின் இடது பக்கம் வந்தார். தட்டையும் விளக்கையும் ஷியாமளா அந்தப் பக்கம் தள்ளினாள். அவர் நஸீராவின் வலது கையைக் காட்டித் தலையசைத்தார்.

ஐஸ் பட்டதும் வலது கை தானாக மேலே போனது. அவர் குறடை எடுத்து டிராயருக்குள் போட்டார்.

பழகாத பக்கத்திலிருந்து வேலை செய்ததால் ஒரு மணி நேரம் கூடுதலாயிற்று; இரண்டு முறை ஊசியைக் கீழே போட்டார். ஆட்டம் கண்ட பல்லைப் பக்கத்துப் பல்லோடு கம்பியால் கட்டி, உடைந்த பாதியைப் பூசி முடித்தார். அதற்குள் நஸீரா இன்னும் மூன்று தடவை கை தூக்கியிருந்தாள். கடைசித் தடவை அவ்வளவாக வலிக்கவில்லை. நிறுத்துகிறாரா என்று பார்த்தாள். நிறுத்தினார்.