சியெனாவில் வைத்த சொதி

இத்தாலி எப்படி இருந்தது என்று என்னிடம் யாரும் கேட்காதீர்கள். கேட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

நான் விடிய எழும்பிச் சமைத்து, எல்லோருக்கும் சாப்பாடு கட்டி, வேலைக்குப் போய், பின்னேரம் வந்து திரும்பவும் அடுப்படியில் நிற்கிறவள். ஆகவே இத்தாலிப் பயணம் முடிவானபோது எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. வேறு யாரோ சமைத்ததைக் கதிரையில் இருந்து சூட்டோடு சாப்பிட வேண்டும். தேவாலயம், கோபுரம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஏற்பாடெல்லாம் என் கணவர்தான். மலிவு அறை, மலிவு ரயில், பெட்டியை நாங்களே இழுத்துக்கொண்டு கல்லுப் பாதையில் மேடு ஏறுவது, எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் மனுசன் ஒவ்வொரு ஊரிலும் தேடித் தேடி அடுப்படியோடு கூடிய அறையாக எடுத்திருந்தார். "குசினி இருக்குதப்பா!" என்று பெருமை வேறு. இங்கே எங்கள் ஸ்பிரிங்வேல் கடையில் வாங்கிய சிவப்பரிசியும் தேங்காய்ப்பால் மாவும் பெட்டியில் ஏறின. சின்ன ரைஸ் குக்கருக்கு இடம்விட்டு என் கம்பளிச் சட்டை வீட்டில் நின்றுவிட்டது.

லூக்காவில் பருப்பும் சோறும். சரி, முதல் ஊர்தானே என்று பொறுத்தேன். சியெனாவில் எங்கள் குசினி யன்னலுக்கு நேர் கீழே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. வாசலோரம் ஒரு பெண் மாவைக் கையால் உருட்டி உருட்டி, தடித்த நூல்போல நீட்டிப் போடுவாள். உள்ளியும் தக்காளியும் வதங்குகிற வாசம் மேலே வரும். நான் அந்த வாசத்தில் நின்றுகொண்டு தேங்காய்ப்பால் சொதியைத் துழாவினேன்.

"இஞ்சருங்கோ, இண்டைக்குக் கீழ போய்ச் சாப்பிடுவமே?"

"சோறு போட்டாச்செல்லே. நாளைக்குப் பாப்பம்."

மறுநாள் கேட்டால், "நேத்தையான் சோறு கிடக்குது, எறியிறதே? நாளைக்குப் பாப்பம்."

கடைசி நாள் பின்னேரம் நான் குக்கரைத் தொடவில்லை. நல்ல சட்டையைப் போட்டு, தலை இழுத்து, இவரையும் இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். கடை பூட்டிக் கிடந்தது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறையாம். கதவில் எழுதி ஒட்டியிருந்தது. கண்ணாடிக்குள்ளே கதிரைகளைக் கவிழ்த்து மேசைமேல் வைத்திருந்தார்கள்.

"பாத்தீரே! நல்லகாலம் அரிசி கொண்டந்தம்" என்றார்.

வேறு கடைக்குப் போவோம் என்றேன். "மாடோ பண்டியோ, என்னத்தைப் போடுவாங்களோ ஆர் கண்டது?" என்று படியேறிவிட்டார். அரிசி கழுவும்போது எனக்குக் கண்ணீர் வந்தது. கவலையில்லை, தனி ஆத்திரம்.

அதையும் விழுங்கிக்கொண்டு இருந்திருப்பேன். ஊர் திரும்பி, போன கிழமை இங்கே மல்கிரேவில் ஒரு பிறந்தநாள் வீட்டில் இவர் கோழிக்காலைக் கடித்தபடி சொல்கிறார்: "ஊரெண்டால் வடிவான ஊர். சாப்பாடுதான் வாயில வைக்கேலாது. இவ சமைச்சபடியால் தப்பினம்." எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டாரா? "அடுத்த வருசம் ஸ்பெயின். குசினியோட அறையும் பாத்திட்டன்."

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"வாயில வைக்கேலாதெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஒரு நாளாவது வாயில வைச்சனீங்களே?"

பக்கத்தில் இருந்த அன்ரிக்குத் திகைப்பு. "அப்ப அங்க என்னதான் பிள்ளை சாப்பிட்டனீங்கள்?"

"சொதி, அன்ரி. சியெனாவிலயும் சொதிதான்." பிறகு இவர் பக்கம் திரும்பினேன். "ஸ்பெயினுக்கு நீங்கள் குக்கரோட போயிட்டு வாங்கோ. நான் வரேல்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை. இவர் கோழிக்காலைத் தட்டில் வைத்துவிட்டு, மெய்யாகவே கவலைப்பட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப அங்க ஆர் சமைக்கிறது?"