அரை விரல் குறைந்த பில்டர்

திருநெல்வேலி டவுணில் எனக்குக் கார் உதிரிபாகக் கடை இருக்கிறது. ஒரு பக்கம் அல்வாக் கடை, மறுபக்கம் ஜவுளிக் கடை, நடுவில் கிரீஸ் வாடையோடு நான். எங்கள் குடும்பத்தில் வாத்தியார்களும் தாலுகா ஆபீஸ்காரர்களும்தான் அதிகம். கடை வைத்தவன் நான் ஒருவன். அதனால் எனக்கும் நாலு விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் நமைச்சல் எப்போதும் உண்டு. அதைச் சொறிந்துகொள்ள ஓர் எஞ்சின் வாய்த்தது.

நான்கு சிலிண்டர், ஆயிரத்து முந்நூறு சிசி டீசல் எஞ்சின். கம்பெனிகள் பலவும் அதையே தங்கள் கார்களில் வைத்து, மேல் மூடியில் ஆளுக்கொரு பெயரை ஒட்டி விற்றார்கள். டாக்ஸி ஸ்டாண்டில் பானட்டைத் திறந்தால் பாதி வண்டிகளில் அதுதான் கிடக்கும். எழுபத்தைந்து குதிரைத்திறன் ஒரு வகை, தொண்ணூறு இன்னொரு வகை. டர்போ வேறு, இன்ஜெக்டர் வேறு, வருஷத்துக்கு வருஷம் சில்லறை மாற்றங்கள் வேறு. பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் மாதிரி, முகம் ஒன்று, குணம் வேறு. எது எதற்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று கேட்டலாக்கைத் திறக்காமலே ஒப்பிப்பேன். கூட்டம் இருந்தால் இன்னும் சத்தமாக ஒப்பிப்பேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மெக்கானிக் பழைய சாமானைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார். நாங்கள் புதியதை எடுத்து அதன் பக்கத்தில் நிறுத்தி, உயரம், வாய், ஓட்டை எல்லாம் ஒத்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அந்த எஞ்சின் விஷயத்தில் நான் அதைச் செய்வதில்லை. செய்யாமல் இருப்பதில்தான் என் பெருமையே இருந்தது.

ஆறு வருஷம் இருக்கும். மேலப்பாளையத்தில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் ஒருவர் ஒரு மத்தியானம் வந்தார். எல்லாரும் பாய் என்போம். அந்த எஞ்சினில் அவர் கை வைத்தால் மறு பேச்சில்லை என்று டிரைவர்கள் சொல்வார்கள். வள்ளியூர்க்காரர் ஒருவரின் டாக்ஸிக்கு ஆயில் மாற்ற வேண்டும், பில்டர் வேண்டும் என்றார். பழைய பில்டரைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, இது கொஞ்சம் உசரமா இருக்க மாதிரி தெரியுது. வச்சுப் பாத்துருங்க."

கடையில் அப்போது நாலைந்து பேர் நின்றார்கள். நான் சிரித்தேன். "பாய், இந்த எஞ்சினோட சாதகமே எங்கிட்ட இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே பில்டர்தான், கொண்டு போய் மாட்டும்" என்று சொல்லி, அவருடைய பேப்பர்ப் பொட்டலத்தைப் பிரிக்காமலே காலடியில் இருந்த குப்பைத் தகரத்தில் போட்டேன். நின்றவர்களும் சிரித்தார்கள். பாயும் சிரித்துக்கொண்டே புதியதை வாங்கிப் போனார்.

சில மாதங்கள் கழித்து அந்த டாக்ஸி, நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் சவாரியோடு நின்றுபோனது. டர்போ போய், பேரிங் தேய்ந்து, எஞ்சின் இறுகிவிட்டது. வேறொரு ஷெட்டில் பிரித்திருக்கிறார்கள். பில்டர் அதன் கிண்ணத்துக்குள் ஆடிக்கொண்டு கிடந்ததாம். ஆயில் அதற்குள் புகாமல் சுற்றிக்கொண்டு, அழுக்கோடு எஞ்சினுக்குப் போயிருக்கிறது. வண்டிக்குச் சொந்தக்காரரான அந்த வள்ளியூர் டிரைவர் பில்டரை எடுத்துக்கொண்டு, பாயையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

மேஜைமேல் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது குட்டை. அந்தக் கிண்ணத்துக்கு அரை விரல் குறைவு.

"நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. சாமான் தப்பா, வேலை தப்பா?" என்றார் டிரைவர்.

அன்றைக்கும் கடையில் ஆட்கள் இருந்தார்கள். என் வாய் என்னைக் கேட்காமலே சொன்னது: "சாமான் சரிதான். பில்டர் மூடி ரப்பர் ரிங்கை ஒழுங்கா உக்காத்தாம மாட்டினா ஆடத்தான் செய்யும்."

பாய் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒழுங்காத்தான மாட்டினேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டிரைவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். பத்து வருஷப் பழக்கமாம் இருவருக்கும். கடைப் படியில் வைத்தே அது அறுந்தது.

அவர்கள் போன பிறகு கேட்டலாக்கைத் திறந்தேன். ஒரே எஞ்சினுக்கு இரண்டு பில்டர் நம்பர். எந்த வண்டிக்கு எது என்று சேஸிஸ் நம்பரை வைத்துப் பார்க்க வேண்டும் என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அன்று சாயங்காலமே ரேக்கில் உயரம் வேறு, குட்டை வேறு என்று பிரித்து அடுக்கினேன். வாய் தவறிச் சொன்னதை மன்னித்துவிடலாம். சத்தமில்லாமல் அப்படிப் பிரித்து அடுக்கினேனே, அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. இனி இந்தத் தப்பு நடக்காது என்று பார்த்துக்கொண்டேன். நடந்த தப்பு பாயின் தலையில் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டிரைவர் எஞ்சின் மாற்றி ஓட்டினார். மாதாமாதம் என் கடைக்குத்தான் வந்தார். வரும்போதெல்லாம் பாயை ஏசுவார். நான் 'ம்' கொட்டுவேன். பாய் என் கடைக்கு வரவில்லை. மேலப்பாளையம் பக்கம் போக வேண்டி வந்தால் நானும் சுற்றுப் பாதையில்தான் போவேன்.

போன மாதம் அந்தச் சுற்றுப் பாதை அடைத்துக் கிடந்தது. என் காரிலும் அதே எஞ்சின்தான். மெயின் ரோட்டில் இழுவை இல்லாமல் திணறி, பாயின் ஷெட்டுக்கு நேர் எதிரே நின்றது. வண்டிக்கு நிற்க வேறு இடமே கிடைக்கவில்லை. பாய் ஓர் ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாங்க அண்ணாச்சி. டீ சொல்லட்டா?"

பானட்டைத் திறந்து காட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இந்த எஞ்சின்ல நான் கை வைக்கதில்ல. இப்பம் ஆட்டோ மட்டுந்தான் பாக்குதேன். அன்னைக்கு நீங்க சொன்னீயள்லா, ரிங்கு சரியா உக்காரல. எவ்வளவோ யோசிச்சுப் பாத்தேன், எப்படி விட்டேன்னு தெரியல. ஒரு குடும்பத்துப் பொழப்பு அது. நல்ல சிநேகிதம் வேற. மக நிக்காஹ்வுக்கு வள்ளியூர் வரை போய்க் கூப்பிட்டேன். வரல."

ஆறு வருஷமாக அவர் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் என்னை நம்பிக்கொண்டிருந்தார்.

"பாய், பில்டர் தப்பு. நான்தான் குட்டையைக் கொடுத்தேன். அன்னைக்கே தெரியும்" என்றேன்.

எதிரே வந்த டவுன் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போகும்வரை அவர் காத்திருந்தார்.

"அவர்ட்ட சொல்லிட்டியளா?"

"இல்ல."

"எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு, அண்ணாச்சி?"

அங்கேயே நின்று டிரைவருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடும் தைரியம் இல்லை. பழைய பொட்டலத்தைப் பிரிக்காமல் குப்பையில் போட்டதிலிருந்து ரேக்கைப் பிரித்து அடுக்கியதுவரை சொன்னேன். டிரைவர், "எங்கன இருந்து பேசுதிய?" என்றார். பாய் ஷெட்டிலிருந்து என்றேன். "அவர்ட்ட குடுங்க."

பாய் கையைக் கைலியில் இரண்டு தடவை துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். டிரைவர் அந்தப் பக்கம் என்னைத்தான் ஏசினார். எனக்கு இரண்டடி தள்ளி நின்றும் கேட்டது. ஏசட்டும் என்று நின்றேன்.

"விடும்வே" என்றார் பாய். "பையப் பேசும். அவரு என்ன வேணும்னா செஞ்சாரு? கடையில கூட்டம் நின்னுருக்கும், பாத்திருக்க மாட்டாரு. உசரம் வித்தியாசமா இருக்குன்னு எனக்கும் தோணிச்சுல்லா, நானும் விடாம ஒத்துப் பாத்துருக்கணும். அண்ணாச்சிய ஒண்ணும் சொல்லாதேயும்."

அன்றைக்குக் கடையில் ஆட்கள் நிற்க, அவருக்காக நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகள் அவை. திறந்த பானட்டுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, அவர் எனக்காக அவற்றைச் சொல்லி முடிக்கும்வரை நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.