செக்பொயின்ற்றில் ஒரு டீவி நட்சத்திரம்

இன்று காலை கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். பக்கத்தில் எங்கள் ஃபிளாட்ஸ் சஞ்சு. வயது பதினெட்டு. போன வருடம் வரை பொப் பாடகன். இப்போது சிங்கள டெலிடிராமாவில் நடிகர், மரியாதையாகத்தான் சொல்ல வேண்டும்.

அடையாள அட்டையைப் பார்த்த ஆமிக்காரர், "தம்பி, உன்னை எங்கேயோ கண்டிருக்கிறேனே" என்றார் சிங்களத்தில்.

சஞ்சுவுக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களா அக்கா? பாடேக்க ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது" என்று என் காதில் சொன்னான்.

பிறகு சத்தமாகச் சிங்களத்தில், "டீவியில கண்டிருப்பீங்க. குண்டு வைக்க வாற பெடியன் நான்தான்."



அவனை இறக்கினார்கள். தெரிந்த பாவத்துக்கு நானும் இறங்கினேன். நாற்பது நிமிடம் வெயிலில் நின்ற பிறகு, அந்த நாடகத்தைத் தவறாமல் பார்க்கும் அதிகாரி ஒருவர் வந்தார். நடிப்பைப் பாராட்டி விட்டுவிட்டார்.

"வேற ரோல் கேக்கிறதுதானே?" என்றேன்.

"கேட்டனான் அக்கா. தமிழ்ப் பெடியனுக்கு வேற ரோல் இல்லையாம்."

டிரெக்டர் யாரையாவது தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பிள்ளைக்கு அவசரமாக ஒரு டாக்டர் வேடம் வேண்டும். விருது வாங்க இல்லை, பஸ்ஸில் போய்வர.