நுனி வாடிய கத்தரி

கத்தரிச் செடியில் ஒரு நுனி மட்டும் தலை தொங்கினால் அதைக் கிள்ளிப் பிளந்து பார்க்க வேண்டும். தண்டுக்குள் வெளிர்சிவப்பாக ஒரு புழு இருக்கும். வெளிச்சம் பட்டதும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு பின்னால் போகப் பார்க்கும். அதைப் பாத்தியின் மரச்சட்டத்தில் வைத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துவேன். பக்கத்துப் பாத்திக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு அந்த வேலை பிடிக்கும்.

இதெல்லாம் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம் இல்லை. ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்து, ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட வருஷம்தான் எனக்கு சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் குடியிருப்பாளர் தோட்டத்தில் ஒரு பாத்தி கிடைத்தது. இடுப்புயர மரப்பெட்டி, அவ்வளவுதான். முதல் முறை போட்ட கத்தரி முழுவதும் நாசமாகிவிட்டது. வெளியே பளபளவென்று இருந்த காயை வெட்டினால் உள்ளே கறுத்த சகதியும் புழுவும். வந்த ஆத்திரத்தில் ஒரு புழுவைக் காய்த்துண்டோடு ஜாம் போத்தலில் போட்டு மூடி சமையலறை மேடையில் வைத்தேன். அது கூடு கட்டி, சில நாள் கழித்து அந்துப்பூச்சியாக வெளியே வந்தது. வெள்ளைச் சிறகில் பழுப்புத் திட்டுகள். உட்காரும்போது வாலைத் தூக்கி வளைத்து வைத்துக்கொண்டது. அழகாகத்தான் இருந்தது. நான் மூடியைத் திறக்கவில்லை. கண்ணாடியில் அடித்து அடித்துச் சிறகுத் தூளெல்லாம் ஒட்டிக்கொள்ள, அது அடியில் விழுந்து சாகும்வரை பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தேன்.

பிறகு உட்கார்ந்து படித்தேன். இந்தப் பூச்சியின் உறவுக்கூட்டமே கத்தரிக் குடும்பத்தை நம்பித்தான் பிழைக்கிறது. கத்தரி இல்லாவிட்டால் வேலியோரச் சுண்டைக்காய் போதும். தாய் இலைக்கடியில் முட்டை வைக்கும். குஞ்சு முதலில் இளந்தண்டுக்குள் போகும், காய் பிடித்ததும் காய்க்குள் போகும். போன துளையைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்ளும். ஆகவே வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. வாடிய நுனியைப் பார்த்த அன்றே வெட்டிப் பையில் கட்டிப் போட வேண்டும், அதன்பின் செடியை வலையால் மூட வேண்டும். சில வாரம் விடாமல் செய்தால் அடங்கிவிடும். நான் செய்தேன், அடங்கிவிட்டது. தோட்டத்தில் கத்தரி பற்றிச் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்கும் வழக்கம் அப்படித்தான் வந்தது.

குழாயடிப் பாத்தி அந்தத் தோட்டத்திலேயே நல்ல பாத்தி. தண்ணீர் கைக்கெட்டும் தூரம், காலை வெயில் முதலில் விழும் இடம். என் பாத்தியோ புளோக்கின் நிழலில். மூன்று வருஷம் அதற்காகக் காத்திருந்தேன். அதை வைத்திருந்தவர் பிடோக்குக்கு வீடு மாறிப் போனபோது எனக்குத்தான் என்று நினைத்தேன். தோட்டக் குழு அதை மூன்றாவது மாடியில் இருந்த யாழ்ப்பாணத்து அக்காவுக்குக் கொடுத்தது. எழுபது தாண்டியவர், முழங்கால் வலி, வாளி தூக்க முடியாது, குழாய் பக்கத்தில் இருந்தால்தான் சரி என்றார்கள். நியாயம்தான். எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை, அவரைப் பார்த்த நாள் முதல் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது, அதுதான் தொல்லை. தினமும் காலை ஏழு மணிக்கு வருவார், எட்டு மணிக்குப் போவார். அந்த ஒரு மணி நேரமும் பேச்சுத்தான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். கணவருக்கு மறதி நோய். ஒரு தரம் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய், இலகு ரயில் நிலையத்தில் பனியனோடு நின்றவரை யாரோ கூட்டி வந்தார்களாம். அதிலிருந்து ஒரு ஆள் கண் வைத்திருக்க வேண்டும். மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள், எட்டு மணிக்குக் கணினி முன்னால் உட்காருவதற்குள் ஒரு மணி நேரம் அப்பாவைப் பார்த்துக்கொள்வாள்.

“மகளுக்கு இதுவும் விருப்பமில்லை பிள்ளை. கத்தரிக்காய் தேக்காச் சந்தையில வாங்கலாம்தானே எண்டு கேக்கிறாள். நான் காய் கொண்டு போய்க் காட்டினாத்தான் வாயை மூடுவாள். இந்த ஒரு மணித்தியாலம்தான் எனக்கு. மிச்ச நேரம் முழுக்க மனுசன்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன்” என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கை களைக்கரண்டியை விடவில்லை.

அவருக்குக் கத்தரி நன்றாக வந்தது. என்னுடையதைவிட நன்றாக வந்தது. பூ விட்டிருந்த சமயத்தில் ஒரு காலை என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இந்த நுனியை ஒருக்காப் பாருங்கோ. நேற்று நல்லாத்தான் நிண்டது.”

ஒரே ஒரு நுனி. தலை தொங்கியிருந்தது. கிள்ளிப் பிளந்தால் புழு வெளியே வந்திருக்கும், நகத்தால் ஒரு அழுத்து, விஷயம் முடிந்திருக்கும். நான் அந்த இலையைத் தொட்டேன். புரட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தேன். பூத்து நின்ற மற்றச் செடிகளையும், அவற்றின் மேல் விழுந்த வெயிலையும், பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்த குழாயையும் பார்த்தேன்.

“தண்ணி பத்தல அக்கா. இந்த வெயிலுக்கு ஒரு தடவ ஊத்தினா போதாது லா” என்றேன்.

வாய் கூசவில்லை. அன்று மதியமே வெளியே போய் நல்ல வலையாகப் பார்த்து வாங்கி வந்து என் பாத்தியை மூடினேன். மறுநாள் அக்கா அதைப் பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்டார். மைனா வந்து கொத்துகிறது என்றேன். “பாவம், உங்களைத் தேடித்தான் வருகுது” என்றார். அவர் பாத்திக்கு ஒரு மைனாவும் வருவதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

தினமும் இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றினார். முழங்கால் வலியோடு நின்று நின்று ஊற்றினார். நுனிகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது சொன்னேன். மண் இறுகிவிட்டது, உரம் காணாது, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். அவர் மண்ணைக் கிளறினார், உரம் போட்டார், பொறுத்தும் பார்த்தார். நான் சொன்னதையெல்லாம் அப்படியே ஒருவர் செய்வதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டது. கிடங்கில் இருபது வருஷம் மேலாளர் சொன்னதைச் செய்துகொண்டிருந்தவள் நான்.

பிறகு காய் பிடித்தது. முதல் பறிப்பில் மூன்று காய்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் நீட்டினார். நான் சொல்லிக்கொடுத்ததால்தான் இந்த மட்டிலாவது காய்த்ததாம். வீட்டுக்குப் போய் வெட்டிப் பார்த்தேன். மூன்றில் இரண்டில் புழு. மூன்றாவதை வெட்டவே இல்லை. எல்லாவற்றையும் குப்பைத் துவாரத்தில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுநாள், “குழம்பு வச்சேன் அக்கா, வெண்ணெய் மாதிரி இருந்துச்சு” என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து நிமிஷ நேரம் எனக்கு ஏதோ செய்தது. அது போய்விட்டது.

அவருடைய மகளுக்கோ என்னைப் போலப் பொய் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. அவள் காயை வெட்டினாள், புழு அரிவாள்மணைப் பக்கம் நெளிந்தது, கத்தினாள். அக்கா எனக்கு அதைச் சொன்னபோது அழவில்லை. தான் ஏதோ அசிங்கம் செய்து பிடிபட்டவர் மாதிரி மெல்லிய குரலில் சொன்னார்.

“இதுக்கே ஒவ்வொரு நாளும் கீழ போறீங்கள், ஒரு பிரயோசனமும் இல்லையே எண்டு கேட்டாள். அடுத்த முறை நல்ல காய் கொண்டு போனாச் சரி. என்ன பிள்ளை, அடுத்த முறை நல்லா வரும்தானே?”

“வரும் அக்கா” என்றேன்.

அடுத்த முறை வரவில்லை. அதற்குள் தோட்டக் குழுத் தலைவர் பாத்திகளைச் சுற்றிப் பார்க்க வந்தார். ஓய்வு பெற்ற சீனப் பெரியவர், கறாரான ஆள். அக்காவின் பாத்தியில் ஒரு காயைப் பறித்துக் கைக்கத்தியால் பிளந்தார். இன்னொன்றைப் பிளந்தார். தோட்டத்து விதி எல்லாருக்கும் தெரியும். பூச்சி முற்றிய பாத்தியைக் காலி செய்ய வேண்டும், வைத்திருந்தவர் காத்திருப்போர் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். அந்த வரிசை வருஷக்கணக்கில் நீளும்.

ஆனால் அவர் கறாரானவர் என்றாலும் கொடுமைக்காரர் இல்லை. அக்காவைத் தள்ளி நிற்க வைத்துவிட்டு என்னிடம் வந்தார். “யூ நோ பிரிஞ்சால். கேன் சேவ் ஆர் நாட்?” என்று கேட்டார்.

அக்கா குழாயைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு நன்றாகவே தெரியும். இப்போதுகூடச் செடிகளைக் காப்பாற்ற முடியும் என்று எனக்குத் தெரியும். நுனிகளை வெட்டி, காயையெல்லாம் பறித்து அழித்து, வலை போட்டால் முடியும். நானே சாயந்திரத்துக்குள் செய்து கொடுத்திருக்கலாம்.

“லேட்டர் ஆல் அதர் பெட்ஸ் ஆல்ஸோ கெட்” என்றேன், விட்டால் மற்றப் பாத்திகளுக்கும் தொற்றும் என்று.

அது பொய்கூட இல்லை. அதனால்தான் அது சுலபமாக வந்தது.

செடிகளை அக்காவே பிடுங்கினார். நான் கறுப்புக் குப்பைப் பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டேன். பூவும் பிஞ்சுமாக ஒவ்வொன்றையும் மடக்கி உள்ளே வைத்தார், திணிக்கவில்லை. முடித்ததும் அங்கே நின்ற ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். “என்னால உங்கட செடிக்கும் வந்திடுமோ தெரியாது” என்றார். கடைசியாக என்னிடம் வந்து, மண் ஒட்டிய கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் பட்ட பாட்டுக்கு நன்றி சொன்னார். மணி அப்போது ஏழே முக்கால்தான். பதினைந்து நிமிஷம் மீதி வைத்துவிட்டு மேலே போனார்.

குழாயடிப் பாத்தி எனக்கு வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். மண்ணை மாற்றினேன், வேலியோரச் சுண்டைச் செடியை வெட்டச் சொன்னேன், முதல் நாளே வலை போட்டேன். காய்கள் ஒரு துளை இல்லாமல் வந்தன. அக்காவைக் கீழே எங்கும் பார்க்கவில்லை. புளோக்கின் அடியில் ஆட்கள் உட்காரும் வெற்றுத்தளத்திலும் இல்லை, சந்தையிலும் இல்லை. யாரிடமும் நான் விசாரிக்கவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை, நல்ல காயாக ஆறு எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்கே சரியாகத் தெரியாது. இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் என் காய்களில் துளை இல்லை என்பதை அவர் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது.

மரக்கதவு திறந்திருந்தது. இரும்புக் கதவில் பூட்டு தொங்கியது. அக்கா கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நடைபாதையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்த வேகத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். திறக்க முடியாது என்றார். சாவி மகளிடம். மேலதிகாரி அலுவலகத்துக்குக் கூப்பிடுகிறார், அம்மாவுக்குத்தான் இப்போது தோட்டம் இல்லையே, வீட்டில் இருப்பார் என்று அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். சனிக்கிழமையும் போகிறாள். சாவியை வீட்டில் வைத்தால் அப்பா எப்படியும் கண்டுபிடித்துத் திறந்துவிடுவார், ஆகவே பூட்டிக்கொண்டு கையோடு எடுத்துப் போகிறாள்.

“பின்னேரம் வந்திடுவாள்” என்றார், நான் மகளைக் குறை சொல்லிவிடுவேனோ என்று பயந்த மாதிரி.

உள்ளேயிருந்து கணவர் யாரையோ பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தார். அது அக்காவின் பெயர் இல்லை. காய்களை ஒவ்வொன்றாகக் கம்பி இடுக்கில் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “என்ன வடிவான காய்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேறு ஏதாவது சொல்லியிருந்தால், என்னைத் திட்டியிருந்தால், நான் நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன்.

நான் திரும்பியதும் கம்பி வழியாகக் கை நீட்டி என் சட்டை நுனியைப் பிடித்தார்.

“பிள்ளை, ஒரு பத்து நிமிசம் நில்லுங்கோ. சும்மா கதைச்சிட்டுப் போங்கோ. ஒருத்தரும் வாறேல்லை.”

“செடிக்குத் தண்ணி ஊத்தணும் அக்கா” என்றேன்.

அவர் என் கையிலிருந்த குடையைப் பார்த்தார். விடிந்ததிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையிலிருந்து வடிந்த தண்ணீர் அவர் வாசலில் குளமாகத் தேங்கியிருந்தது. நானும் அதைப் பார்த்தேன். சட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“ஓம் பிள்ளை, போயிட்டு வாங்கோ” என்றார்.

நான் லிஃப்டுக்கு நடந்தேன்.