காத்து பிரியாம பாத்துக்கற வேல

தங்கச் சுரங்க ஊரான பாலகாட்டைச் சேர்ந்த இந்துவிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. எட்டு வருடமாக அதற்கு ஒரு நல்ல பதில் கிடைக்காமல் நொந்துபோயிருந்தாள். விமான இறக்கையை ஒட்டிப் போக வேண்டிய காற்று பாதியில் விலகிவிட்டால் விமானம் மேலே நிற்காது. அது விலகாமல் இருக்க, இறக்கையில் இரண்டு செப்புப் பட்டைகளை, நடுவில் மின்சாரம் பாயாத தாள் வைத்து ஒட்டி, ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுப்பார்கள். பட்டையோரம் ஊதாவாக ஒளிரும். அதுதான் பிளாஸ்மா. பக்கத்துக் காற்றைத் தள்ளி இறக்கையோடு படிய வைக்கும். பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் அந்தப் பட்டைகளை ஒட்டும் ஒப்பந்த ஊழியர் இந்து.

இவ்வளவையும் பெங்களூர் போகும் காலை ரயில் நெரிசலில் சொல்ல முடியுமா? ஒருநாள் சுருக்கமாக, "இறக்கை மேல காத்து பிரியாம பாத்துக்கற வேல" என்று சொல்லித் தொலைத்தாள். எதிர் சீட்டு ஷோபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அதுக்கு இன்னாத்துக்குக்கா கரண்டு? ஓமத் தண்ணி குடுத்தா போதாதா?"

அன்றிலிருந்து தினமும் அதே கேள்விதான்.

போன வெள்ளிக்கிழமை இந்து சிரிக்கிற நிலையில் இல்லை. சோதனையைப் பார்க்க டெல்லியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். சரியாக வந்தால் திட்டம் மூன்று வருடம் நீளும், அவள் ஒப்பந்தமும் நீளும். வராவிட்டால் மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இறக்கை மாதிரியை வைத்துக் காற்றடித்துப் பார்க்கும் காற்றுச் சுரங்கத்தின் விசிறி சுழன்றது. காற்று விலகுவதைக் காட்ட இறக்கையில் ஒட்டிய நூல்துண்டுகள் துடித்தன. பொறியாளர் திலீப் ஸ்விட்சைப் போட்டார். ஊதாக் கோடு அழகாகத்தான் எரிந்தது. நூல்கள் படியவில்லை, முன்னைவிட மோசமாக ஆடின.

பார்த்ததுமே இந்துவுக்குப் புரிந்துவிட்டது. பிளாஸ்மா காற்றை எதிர்த்துத் தள்ளுகிறது, பட்டைகள் ஒட்டிய தகடு முன்பின் மாறிப் பொருந்தியிருக்கிறது. செய்தவள் அவள், இந்த முறை பொருத்தியவர் திலீப். கழற்றிப் பார்த்தால் ஓரத்தில் அவள் கையெழுத்தில் 'டி' என்ற ஆங்கில எழுத்து. திலீப்புக்கு அது டவுன்ஸ்ட்ரீம், காற்று வெளியேறும் பக்கம். அவளுக்கு டவுன்காஸ்ட். அப்பா கோவிந்தன் மைன்ஸில், அதாவது ஊர்த் தங்கச் சுரங்கத்தில், காற்றோட்டப் பிரிவில் இருந்தவர். வெளிக்காற்று சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் குழிக்கு அங்கே அதுதான் பெயர். அவர்கள் வீட்டில் காற்று வருகிற ஜன்னல் இன்றைக்கும் டவுன்காஸ்ட் ஜன்னல்தான். மைன்ஸ் மூடி இருபது வருடத்துக்கு மேலாகியும் அதன் பேச்சு வந்து தன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி திலீப்போடு போயிருக்கும். திட்டமும் போயிருக்கும்.

"நான்தான் சார் எழுதினேன். எங்க ஊர்ல டி-ன்னா காத்து வர்ற பக்கம். அஞ்சு நிமிஷம் குடுங்க, திருப்பிப் போட்டுடறேன்."

"எந்த ஊரும்மா அது?" என்று பல்லைக் கடித்தார் திலீப். அவள் தகட்டைத் திருப்பி முடுக்கினாள்.

மறுபடி விசிறி, மறுபடி ஸ்விட்ச். நூல்கள் எண்ணெய் வைத்து வாரிய தலை மாதிரி படிந்தன. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

மாலை ரயிலில் ஷோபா இடம் போட்டு வைத்திருந்தாள்.

"இன்னாக்கா, இன்னிக்கி காத்து பிரிஞ்சுதா?"

"பிரிஞ்சுது. அப்புறம் நின்னுடுச்சி," என்று பையை மடியில் போட்டாள் இந்து. "நீ சிரிடி. இன்னும் மூணு வருஷத்துக்கு சிரி."